கரும்பலகைக்காரருக்குப் படியளந்த கதை

டெக்சாஸில் நான் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் சுவர் அட்டைக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எண்ணிச் சொல்லிவிடலாம் என்பாள் மனைவி. அவர்களிடம் குக்கர் கிடையாது என்பது வேறு விஷயம். கேட்டது டிவிதான். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு ஆண் குரல் தொடங்கும். முதலில் காதோடு ரகசியம் பேசுவதுபோல இருக்கும். பிறகு ஏறும், கிண்டல் பண்ணும், கத்தும், திடீரென்று தழுதழுக்கும். சரியாக ஒரு மணி நேரம். ஏதோ சுவிசேஷக் கூட்டம் என்றுதான் முதல் மாசம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் அர்விங், டல்லாஸை ஒட்டியது. வருஷம் 2009. எனக்குக் காலை ஆறு மணிக்கே சென்னை டீமோடு கால் ஆரம்பித்துவிடும், அதனால் மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதை நெருங்கியவர். டெலிபோன் கம்பெனியில் லைன்மேனாக முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர். ஒருநாள் என் பார்சல் ஒன்றை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாங்கப் போனபோது கதவைத் திறந்தவர், கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் கோட்டு சூட்டும் ஸ்னீக்கர் ஷூவுமாக ஒருவர் கரும்பலகையில் சாக்பீஸால் பெயர்களை எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் மடியில் ஒரு ஸ்பைரல் நோட்டு. பலகையில் இருப்பதை அப்படியே அதில் வரைந்துகொண்டிருந்தார். வட்டம், அம்பு, வட்டம். விளம்பரம் வந்த பிறகுதான் என் பார்சல் கைக்கு வந்தது.

கிளென் பெக் எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

ஆள் அடிப்படையில் ரேடியோக்காரர். வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து, பதின்ம வயதிலேயே மைக் முன்னால் உட்கார்ந்து, ஊர் ஊராகப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர். குடியில் மூழ்கி 1994இல் அதை விட்டவர். 2000இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் அரசியல் பேச்சு நிகழ்ச்சியைத் தொடங்கினார், 2002இல் அது நாடு முழுக்கப் போனது. டிவியில் முதலில் சிஎன்என் ஹெட்லைன் நியூஸ், அப்புறம் வலதுசாரிச் செய்திச் சேனலான ஃபாக்ஸ். ஃபாக்ஸில் அவர் நிகழ்ச்சி தொடங்கிய நாள் 2009 ஜனவரி 19. மறுநாள் ஒபாமா பதவியேற்பு. இந்தத் தேதிப் பொருத்தத்தைவிட நல்ல முகூர்த்தம் ஒரு எதிர்க்கட்சிப் பேச்சாளருக்கு அமையாது.

நிகழ்ச்சி கிழக்கு நேரப்படி மாலை ஐந்து மணி, எங்கள் டெக்சாஸில் நான்கு. டிவிக்காரர்கள் பெரிதாக மதிக்காத நேரம் அது. அதில் 2010 தொடக்கத்தில் சுமார் 28 லட்சம் பேரை உட்கார வைத்தார் பெக். மேஜையில் ஒரு சிவப்பு டெலிபோன் இருக்கும். நான் சொல்வதில் தப்பு இருந்தால் வெள்ளை மாளிகை இதில் கூப்பிட்டுத் திருத்தலாம் என்பார். அது அடிக்காதுதானே, அடிக்காததே சாட்சி என்றாகிவிடும். இந்த வித்தையை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். பொருளாதார அறிஞர் ஹயேக் 1944இல் எழுதிய புத்தகத்தை ஒரு நாள் எடுத்துப் பேசினார், அது அமேசான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. 2010 ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவிடத்தில் கூட்டம் போட்டார், அதாவது மார்ட்டின் லூதர் கிங் அங்கே பேசிய அதே தேதியில். சிபிஎஸ் வான்படங்களை வைத்துக் கணக்கிடச் சொன்னதில் கூட்டம் 87,000 அளவில் வந்தது. பெக் சொன்னது குறைந்தது மூன்று லட்சம். மாநாட்டுக் கூட்டத்தை எண்ணுவதில் எல்லா நாட்டுக்காரர்களும் ஒன்றுதான்.

பேச்சின் சரக்கு பற்றி எனக்கு மரியாதை கிடையாது. பலகையில் அவர் போட்ட அம்புகளில் பாதி எங்கேயும் போய்ச் சேராதவை. மீதி, போகக் கூடாத இடத்துக்குப் போனவை. 2009 ஜூலையில் ஃபாக்ஸின் காலை நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஒபாமாவுக்கு வெள்ளையர்கள்மேல் ஆழமான வெறுப்பு இருக்கிறது என்று சொன்னார். கலர் ஆஃப் சேஞ்ச் என்ற கறுப்பினர் உரிமை அமைப்பு விளம்பரதாரர்களுக்கு எழுத ஆரம்பித்தது. வால்மார்ட், கெய்கோ என்று பெரிய பெரிய கம்பெனிகள் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து விலகின.

இங்கேதான் எனக்கு முதலில் புரியாத ஒரு சங்கதி இருந்தது. இத்தனை பேர் விலகியும் நிகழ்ச்சி நிற்கவில்லை. ஏன் என்றால், அவர்களில் பலர் ஃபாக்ஸை விட்டுப் போகவில்லை, ஐந்து மணியை விட்டு வேறு மணிக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பிடிக்கவில்லை என்றால் பின் சீட்டுக்குப் போவதுபோல. டிக்கெட் காசு கண்டக்டரிடமே இருந்தது. காலியான இடத்தில் தங்கக் காசு விற்பவர்களும், உலகம் அழிந்தாலும் கெடாத உலர் உணவு விற்பவர்களும் வந்தார்கள். பெரியவர் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. இருபத்தைந்து வருஷம் தாங்குமாம். திறந்து காட்டச் சொன்னேன், திறந்தால் கெட்டுவிடும் என்றார்.

இன்னொரு காரணம் என் வீட்டு பில்லிலேயே இருந்தது. அமெரிக்கக் கேபிளில் சேனலுக்குத் தனித்தனியாகக் காசு கிடையாது. பேக்கேஜ்தான். அந்தப் பேக்கேஜ் பணத்திலிருந்து ஒவ்வொரு செய்திச் சேனலுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று மாசாமாசம் கேபிள் கம்பெனி அளந்துவிடும். நீங்கள் அந்தச் சேனலைப் பார்க்கிறீர்களா, சபிக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நான் கிரிக்கெட்டும் தமிழ்ச் சேனலும் பார்ப்பதற்காகப் போட்ட கனெக்‌ஷன் அது. அதற்கு அடிப்படைப் பேக்கேஜ் கட்டாயம், அடிப்படைப் பேக்கேஜில் ஃபாக்ஸ் நியூஸ் உண்டு. ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பெக்கைத் திட்டிக்கொண்டே நானும் அவருக்குப் படியளந்துகொண்டிருந்தேன்.

2010 நவம்பரில் கோடீஸ்வர முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸைப் பொம்மலாட்டக்காரர் என்று வர்ணித்து ஒரு தொடர் போட்டார். நாஜிகளுக்குத் தப்பிப் பிழைத்த யூதச் சிறுவனான சோரோஸின் பால்யத்தைக் கிண்டிப் பேசியது பலருக்குப் பொறுக்கவில்லை. 2011 ஜனவரியில் 400 யூத மதகுருக்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது, ஃபாக்ஸ் முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் பெயருக்கு. அந்தப் பத்திரிகையும் மர்டாக்குடையதுதான். காசு கொடுத்தால் முதலாளிக்கு எதிரான கடிதத்தையும் முதலாளி பத்திரிகையே போடும், அதில் அமெரிக்காவைக் குறை சொல்ல முடியாது. பார்வையாளர்களும் அதற்குள் குறைந்திருந்தார்கள். ஏப்ரல் 6 அன்று இரண்டு தரப்பும் சேர்ந்து அறிவித்தார்கள்: தினசரி நிகழ்ச்சி முடியப் போகிறது. ஜூன் 30 கடைசி நாள். அந்த நேரத்துக்கு ஃபாக்ஸ் ஐந்து பேரை மேஜையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு அரட்டை நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்த அது பின்னாளில் அமெரிக்கக் கேபிள் செய்தியிலேயே அதிகம் பார்க்கப்படும் நிகழ்ச்சி ஆனது தனிக்கதை.

பெக் போகிறார் என்றதும் எல்லாரும் எழுதியது ‘முடிந்தார்’ என்றுதான். நானும் அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ‘ஃபோர்ப்ஸ்’ முந்தைய வருஷமே போட்டிருந்த கணக்கை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. 2010 மார்ச் வரையான ஒரு வருஷத்தில் அவருடைய வருமானம் 3.2 கோடி டாலர் என்றும், அதில் ஃபாக்ஸ் சம்பளம் சுமார் 20 லட்சம்தான் என்றும் அது மதிப்பிட்டிருந்தது. மீதி புத்தகம், ரேடியோ, மேடை, இணையம். டிவி அவருக்குச் சம்பள இடமாக இருந்ததைவிடத் தெருமுனை போர்டாகத்தான் இருந்திருக்கிறது. சரக்கு விற்றது கடைக்குள்.

அந்தக் கடைக்குத்தான் இப்போது கேட் போட்டு டிக்கெட் வைத்தார். இணையத்தில் சந்தா கட்டிப் பார்க்கும் சேனல். பெயர் ஜிபிடிவி. ஜிபி அவர் பெயரின் முதல் எழுத்துகள். 2011 செப்டம்பர் 12 அன்று தொடக்கம். அவர் நிகழ்ச்சி மட்டும் என்றால் மாசம் 4.95 டாலர், எல்லாம் வேண்டுமென்றால் 9.95. அதே கோடையில் நெட்ஃப்ளிக்ஸ் தன் ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் தனியாக 7.99 என்று பிரித்ததற்கே ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு எட்டு டாலர் அதிகம் என்று சண்டை போட்ட நாட்டில், ஒரே ஒரு மனிதரின் பேச்சைச் சுற்றிக் கட்டிய சேனலுக்குப் பத்து டாலர் கேட்க நெஞ்சழுத்தம் வேண்டும். அதற்கு நான் தலை வணங்குகிறேன். உள் வேலையையும் சரியான ஆளிடம்தான் கொடுத்திருந்தார். மேஜர் லீக் பேஸ்பாலின் இணையப் பிரிவு அப்போதே பல வருஷமாக ஆட்டங்களை நேரலையில் கட்டணத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஜிபிடிவியின் குழாய் வேலை முழுக்க அவர்களுடையது. அந்தத் தொழில்நுட்பப் பிரிவைத்தான் பிறகு டிஸ்னி வாங்கி, டிஸ்னி பிளஸ்ஸை அதன்மேல் கட்டியது. ‘தி பிளேஸ்’ என்ற தன் செய்தி இணையதளத்தை நடத்த அவர் கொண்டுவந்த பெட்ஸி மார்கன், இடதுசாரிகளின் செல்லப்பிள்ளையான ‘ஹஃபிங்டன் போஸ்ட்’டின் முன்னாள் தலைமை நிர்வாகி. கொள்கை மேடையில், கடைக்கு மேனேஜர் வேறு.

கேபிளை விட்டு வெளியே வந்தவர் நேரத்தை மட்டும் விடவில்லை. இணையத்திலும் மாலை ஐந்து மணிதான். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற ஊடகத்துக்குப் போய், அதே மணிக்கு மணியடித்தார். தன் ஆட்களை அவருக்குத் தெரியும்.

அதில் ஒருவர் அன்றைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் 60 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு ரோகு பெட்டி, இணைய நிகழ்ச்சியை டிவியில் காட்டுவது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பா. இதை டிவியில் மாட்டிக் கொடு என்றார். போனேன். டிவி பழையது, பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகும் ஓட்டைகள். சொருகினேன், படம் வந்தது, வைஃபை கேட்டது. வீட்டில் இன்டர்நெட்டே இல்லை. வாழ்நாளெல்லாம் அந்த ஊருக்குத் தாமிரக் கம்பி இழுத்த மனிதர், தன் வீட்டுக்கு அதில் இன்டர்நெட் வாங்கியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட் வந்தது. அடுத்து மெயில் ஐடி கேட்டது. அதுவும் இல்லை. என் லேப்டாப்பில் ஒன்று உருவாக்கினேன். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்றேன். இறந்துபோன மனைவியின் செல்லப்பெயரைச் சொன்னார், பின்னால் அவர்கள் கல்யாண வருஷம். ரிமோட்டின் அம்புப் பொத்தானை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அவர் ஸ்பைரல் நோட்டை எடுத்து, ஒபாமாவுக்கும் யாருக்கோ இடையில் அம்பு போயிருந்த பக்கத்தின் அடியில் அந்தப் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டார்.

நான்கு மணி. பெக் வந்தார். படம் நின்றது. சக்கரம் சுற்றியது. மறுபடி வந்தார். டிஎஸ்எல்லின் லட்சணம் அது. பெரியவர் பொறுமையாகத்தான் இருந்தார். கம்பத்தில் ஈரம் இறங்கியிருக்கும் என்று அவரே விளக்கம் சொன்னார். பிறகு, இனிமேல் கேபிளை வெட்டிவிடலாமா என்று கேட்டார். ஃபுட்பால்? ஆமாம், அது வேண்டும். ராத்திரி மற்ற ஃபாக்ஸ் நிகழ்ச்சி? அதுவும் வேண்டும். எனவே கேபிளுக்கும் கட்டினார், இன்டர்நெட்டுக்கும் கட்டினார், பெக்குக்கும் கட்டினார். போன ஜூன் வரை கேபிளோடு சேர்ந்து வந்த மனிதரைப் பார்க்க இவ்வளவும்.

தொடக்கத்தில் அப்படிக் கட்டியவர்கள் 2,30,000 பேருக்கு மேல் என்று செய்தி வந்தது. டிவியில் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் பத்தில் ஒருவர். ஆனால் எல்லாரும் சின்னக் கட்டணமே கட்டியிருந்தாலும் மாசம் 11 லட்சம் டாலர், பெரிய கட்டணம் என்றால் 23 லட்சம். ஃபாக்ஸ் ஒரு வருஷத்துக்குக் கொடுத்ததை இவர்கள் ஒன்றிரண்டு மாசத்தில் கொடுத்துவிடுவார்கள். ஸ்டூடியோ செலவு, ஆள் செலவு எல்லாம் இனி அவர் தலையில் என்பது உண்மைதான். ஆனாலும் இருபது லட்சம் பேர் போனால் போகட்டும், இரண்டு லட்சம் பேர் போதும் என்கிற கணக்கை அமெரிக்காவில் இவ்வளவு துணிச்சலாகப் போட்டுக் காட்டிய முதல் பெரிய டிவி முகம் அவர்தான் என்று நினைக்கிறேன். அதே வருஷம் எம்எஸ்என்பிசியை விட்டு வெளியேறிய கீத் ஓல்பர்மன், எதிர்முகாம்காரர், இன்னொரு கேபிள் சேனலுக்குத்தான் போனார். அங்கே ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

இரண்டு லட்சம் பேர் போதும் என்பது எவ்வளவு நாளைக்கு? 2012 ஜூனில் ஜிபிடிவி ‘தி பிளேஸ்’ ஆனது. செப்டம்பரில் டிஷ் நெட்வொர்க் சாட்டிலைட்டில் ஏறியது. கேபிளை உதறிவிட்டு வந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே, என்னைச் சேர்க்கச் சொல்லி உங்கள் கேபிள் கம்பெனிக்குப் போன் போடுங்கள் என்று ரசிகர்களிடமே கேட்டார் பெக். பெரியவர் இரண்டு முறை போட்டார். ஹோல்டில் பாட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னார். முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோரின் கரன்ட் டிவி விற்பனைக்கு வந்தபோது பெக்கும் கேட்டுப் பார்த்திருக்கிறார். கொடுக்கவில்லை, 2013 தொடக்கத்தில் அல் ஜசீராவுக்கு சுமார் 50 கோடி டாலருக்குப் போனது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு யோசித்தால், அவர் தேடிப் போனது என்னைப் போன்ற ஆட்களைத்தான். பார்க்காமலே பணம் கட்டும் இளிச்சவாயர்கள் கேபிளில் மட்டும்தான் கிடைப்பார்கள்.

இதற்கிடையில் அவர் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். நிஜமாக. நியூயார்க்கை விட்டு டல்லாஸ் பக்கம் குடிபெயர்ந்து, அர்விங்கின் லாஸ் கொலினாஸ் பகுதியில் இருந்த பழைய சினிமா ஸ்டூடியோவைப் பிடித்தார். லாஸ் கொலினாஸ் என்றால் தண்ணீரைக் கடந்து ஓடும் ஒன்பது வெண்கலக் குதிரைகள் நிற்கும் இடம். நம்மவர்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் கூட்டிப்போய் நிறுத்திப் போட்டோ எடுப்பது அங்கேதான். பக்கத்து மெக்கார்தர் சாலையில் தோசை கிடைக்கும், ஏக்தா மந்திரில் அர்ச்சனை பண்ணலாம். அதே ஊரில், வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகம் மாதிரி ஒரு செட்டில் உட்கார்ந்துகொண்டு, நாடு பறிபோகிறது என்று பெக் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாம்பார் வடை சாப்பிட வந்தாலும் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

2014 ஜனவரியில் மெகின் கெல்லியின் ஃபாக்ஸ் நிகழ்ச்சியில் விருந்தினராக வந்து, நாட்டைக் கிழித்ததில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது, வருந்துகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். மறுநாள் பெரியவரிடம் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. யார் கேட்டது இவரை மன்னிப்பு, என்றார்.

அதன் முழுக் கணக்கு 2016இல் வந்தது. பெக், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்ற டெட் குரூஸுக்காக ஊர் ஊராகப் போனார். எங்கள் மாநில செனட்டர், அதுவரை பெரியவருக்கு ஆட்சேபம் இல்லை. மே மாசம் இண்டியானாவில் தோற்று குரூஸ் விலகினார். மற்றவர்களில் பலர் ஒவ்வொருவராக டிரம்ப் பக்கம் வந்து நிற்க, பெக் வரவில்லை. அந்த ஆள் ஆபத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஃபாக்ஸில் இருந்திருந்தால் இதற்காக மேலிடத்தில் யாராவது கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள், அல்லது விளம்பரம் குறைந்திருக்கும், அல்லது பேக்கேஜ் பணம் வந்துகொண்டே இருப்பதால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கும். இங்கே மேலிடம் என்பது பெரியவர். விளம்பரதாரர் என்பதும் பெரியவர். அவர் கூப்பிட்டுப் பேசவில்லை. அந்த வருஷம் அவருடைய கிரெடிட் கார்டு தேதி முடிந்து புதுக் கார்டு வந்தது. பழைய நம்பரில் பணம் எடுக்க முடியவில்லை, புது நம்பரைக் கொடுங்கள் என்று மெயில் வந்தது. அந்த மெயில் ஐடியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் நான். நான் அப்போது வேறு வீடு வாங்கிப் போயிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். கார்டை எடுத்து வருவார் என்று நோட்டோடு காத்திருந்தேன். அவர் காபி எடுத்து வந்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அவரைப் போல எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? 2017இல் பெக் தன் கம்பெனிகளில் ஐந்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். 2018 மே மாசம் டிரம்ப்பின் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த தேர்தலில் இவருக்கே என் ஓட்டு என்றார். அந்த டிசம்பரில் தி பிளேஸ், இன்னொரு வலதுசாரிப் பேச்சாளரான மார்க் லெவினின் சிஆர்டிவியோடு சேர்ந்து பிளேஸ் மீடியா ஆனது. அதுவும் சந்தாக் கடைதான். 2023இல் ஃபாக்ஸ் தன் நட்சத்திரப் பேச்சாளர் டக்கர் கார்ல்ஸனை வெளியேற்றியபோது, அவரும் அந்த டிசம்பரில் மாசம் ஒன்பது டாலர் என்று போர்டு மாட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் விலைவாசி எங்கேயோ போயும், இந்தச் சரக்கின் விலை ஒரு டாலர் இறங்கித்தான் இருக்கிறது.

தொப்பிச் செய்தி வந்த அன்று பெரியவருக்குப் போன் பண்ணினேன். மறுபடி சேர்த்துவிடட்டுமா, பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன் விளையாட்டாக. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் டிவியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஏதோ பழைய கௌபாய் படம்.

“தொப்பி போடும்போது அழுதாரா?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை என்றேன்.

சரி விடு என்றார். ரோகு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டு வாங்கி வரச் சொன்னார்.